உடம்புக்குத் தெரிந்ததை வாயால் சொல்வது: லைன்மேனிலிருந்து கோச் வரை

அமெரிக்க ஃபுட்பாலில் பந்தோடு ஓடியவருக்கு எத்தனை யார்டு என்று கணக்கு வைப்பார்கள். பந்தை எறிந்தவருக்கும் பிடித்தவருக்கும் கணக்கு உண்டு, எதிராளியை வீழ்த்தியவருக்கும் உண்டு. ஆஃபென்ஸிவ் லைனில் நிற்கும் ஐந்து பேருக்கு மட்டும் அப்படி எதுவும் கிடையாது. அவர்களுடைய எண்ணை நடுவர் உரக்கச் சொன்னால் அது பெரும்பாலும் அபராதத்துக்காகத்தான் இருக்கும்: பந்து நகரும் முன்னே அசைந்தால் 5 யார்டு, எதிராளியைப் பிடித்து நிறுத்தினால் 10 யார்டு. ஆடி முடித்துவிட்டுக் கோச்சாகப் போக நினைக்கும் லைன்மேனிடம் காட்டுவதற்கு எண்கள் இருக்காது. அவனிடம் இருப்பது வீடியோவும், அவனோடு வேலை செய்தவர்கள் அவனைப் பற்றிச் சொல்லும் நாலு வார்த்தையும்தான். அந்த நாலு வார்த்தையை எப்படிச் சம்பாதிப்பது, அதன் பிறகு மைதானத்தில் என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அப்பாவின் வேலைக்காக சேலத்திலிருந்து ஹூஸ்டன் பக்கம் வந்தபோது நான் நடுநிலைப் பள்ளி வயதில் இருந்தேன். வயதுக்கு மீறிய உடம்பு. டெக்சாஸில் அப்படி ஒரு பையன் புதிதாகப் பள்ளிக்கு வந்தால் முதல் வாரத்திலேயே யாராவது ஒரு கோச் வந்து பேசிவிடுவார். "பையன் படிப்பான்ல?" என்பதுதான் அம்மாவின் ஒரே கேள்வி. அங்கே பாடத்தில் தேறாவிட்டால் ஆடவே விடமாட்டார்கள் என்று தெரிந்த பிறகு வீட்டில் எதிர்ப்பு அடங்கிவிட்டது. அப்படித் தொடங்கியது பள்ளி, கல்லூரி, உள்ளரங்க லீக், ஜெர்மனி, ஆஸ்திரியா என்று போய், இப்போது டெக்சாஸில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகவும் லைன் கோச்சாகவும் நிற்கிறது.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடுவில் நிற்பவர் சென்டர். அவர்தான் கால்களுக்கு இடையில் பந்தைப் பின்னால் கொடுத்து (இதற்கு ஸ்நாப் என்று பெயர்) ஆட்டத்தைத் தொடங்குகிறார். அவருக்கு இருபக்கமும் கார்டு இருவர், அவர்களுக்கு வெளியே டேக்கிள் இருவர். 50லிருந்து 79 வரையிலான எண்களை அணிந்த இந்த ஐந்து பேரும் பொதுவாகப் பந்தைப் பிடிக்கக் கூடாது. ஓட்ட ஆட்டமாக இருந்தால் எதிரணிக்காரரைத் தள்ளி வழி திறக்க வேண்டும். எறியும் ஆட்டமாக இருந்தால் பந்தை எறியும் குவாட்டர்பேக்கைச் சுற்றி இரண்டரை, மூன்று விநாடி அரண் போட வேண்டும். 1978க்கு முன்பு கையை முழுதாக நீட்டி, உள்ளங்கையைத் திறந்து தடுக்க, அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் விதி இடம் கொடுக்கவில்லை. அந்த ஆண்டு விதி மாறியது. அதிலிருந்து லைன்மேனின் வேலையில் பாதி கைவேலை ஆகிவிட்டது.

நான் படித்தது டிவிஷன் 3 கல்லூரி. அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. எல்லாரும் படிக்க வந்த இடத்தில் ஆடுகிறவர்கள். அங்கே இருந்த லைன் கோச் வயதானவர், அதிகம் கத்தமாட்டார். வீடியோ பார்க்கும்போது நாம் தப்பாகச் செய்த இடத்தில் நிறுத்துவதைவிட, சரியாகச் செய்த இடத்தில்தான் அதிகம் நிறுத்துவார். "இதை எப்படிச் செய்தாய், சொல்லு" என்பார். தடுத்துவிட்டேன் கோச் என்றால் விடமாட்டார். "எந்தக் கால் முதலில் போனது? அப்போது உன் கண் எங்கே இருந்தது? கை எப்போது போனது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எங்களில் பலருக்கு அது பெரிய தொல்லை. எனக்கும் அப்போது அதன் அருமை முழுதாகத் தெரியாது. ஆனால் இரண்டாம் ஆண்டிலிருந்து அவர் கேட்பதற்கு முன்பே ஒரு நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். அந்த நோட்டுதான் பிற்பாடு எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

கல்லூரி முடிந்தபின் ஒரு உள்ளரங்க லீக். ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் செயற்கைப் புல் விரித்து, 50 யார்டு மைதானத்தில் பக்கத்துக்கு எட்டு பேர் ஆடுவது. லைனில் ஐந்துக்குப் பதில் மூன்று பேர்தான். ஒரு ஆட்டத்துக்குச் சில நூறு டாலர், தங்க ஓர் அறை, அவ்வளவுதான். ஆள் பற்றாக்குறை வந்தால் டிஃபென்ஸ் பக்கமும் என்னை நிறுத்துவார்கள். லைன் கோச்சாக வர நினைப்பவர்கள் யாராக இருந்தாலும் ஒரு சீசனாவது எதிர்ப்பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்பேன். எதிரே நிற்கும் லைன்மேன் விரல் நுனியில் எவ்வளவு எடை போடுகிறான் என்று பார்த்தாலே ஓட்டமா எறிதலா என்று பாதி நேரம் தெரிந்துவிடும். எடை முன்னால் போய், விரல் வெளுத்திருந்தால் ஓட்டம். குதிகாலில் உட்கார்ந்திருந்தால் எறிதல். அதை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு, எந்த ஆட்டமானாலும் ஒரே மாதிரி உட்காரச் சொல்லிக் கொடுப்பது ஏன் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் ஜெர்மனி. ஜெர்மன் லீக் 1979இலிருந்து நடக்கிறது. பிரவுன்ஷ்வைக், ட்ரெஸ்டன், ஷ்வேபிஷ் ஹால் போன்ற ஊர்களில் ஊரே திரண்டு வந்து பார்க்கும். நான் இருந்தது அதைவிடச் சிறிய ஊர், இரண்டாம் டிவிஷன். களத்தில் ஒரே நேரத்தில் இரண்டு அமெரிக்கர்கள்தான் இருக்கலாம் என்று அங்கே ஒரு விதி. அந்த இரண்டு இடத்தில் ஒன்றைக் குவாட்டர்பேக்குக்குக் கொடுத்துவிடுவார்கள். மீதமுள்ள ஒரே இடத்தை ஒரு லைன்மேனுக்குக் கொடுக்க வேண்டுமானால் அவன் ஆடினால் மட்டும் போதாது. சின்னப் பையன்கள் அணிக்கும், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணிக்கும், பெரியவர்களின் லைனுக்கும் அவனே சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்திலேயே அது எழுதியிருக்கும். என் கோச்சிங் வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது.

அந்த அணியில் என்னோடு லைனில் நின்றவர்கள் எலெக்ட்ரீஷியன், செவிலியர், பல்கலைக்கழக மாணவர், லாரி ஓட்டுபவர். வாரத்தில் இரண்டு மூன்று மாலைகள்தான் பயிற்சி. வேலை முடித்துச் சோர்ந்து வருவார்கள். இருபது வயதுக்கு மேல்தான் முதன்முதலில் இந்த ஆட்டத்தைத் தொட்டவர்களும் உண்டு. அமெரிக்கப் பள்ளியில் ஒரு பையனுக்கு வாரம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கும் விஷயத்தை இங்கே ஒரு மாலையில் இருபது நிமிடத்தில் சொல்லியாக வேண்டும். அதுவும் பாதிப் பேருக்கு இரண்டாம் மொழியில். எது அவசியம், எது அழகுக்கு என்று பிரித்துப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. எனக்குத் தெரிந்த பயிற்சி முறைகளை எல்லாம் எழுதி வைத்து, ஆட்டத்தில் நேரடியாகத் தென்படாத ஒவ்வொன்றையும் அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் கைவிரல் எண்ணிக்கைக்குள் வந்து நின்றது. இன்றும் ஏறக்குறைய அதே பட்டியல்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆடத் தெரிந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள், ஆடியவர்களும் நினைக்கிறார்கள். இந்தத் தொழிலின் பெரிய பெயர்களைப் பாருங்கள். பேட்ரியட்ஸ் அணியின் லைனைப் பல ஆண்டுகள் வளர்த்த டான்டே ஸ்கார்னெக்கியா என்எஃப்எல்லில் ஆடியவர் இல்லை. 1990களில் டென்வரின் ஓட்ட ஆட்டத்தை வடிவமைத்த அலெக்ஸ் கிப்ஸும் ஆடியதில்லை. 2013இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்த ஜெஃப் ஸ்டவுட்லண்ட் கல்லூரியில் ஆடியது ஆஃபென்ஸிவ் லைனிலேயே இல்லை, டிஃபென்ஸில் பின்னால் நிற்கும் லைன்பேக்கராக. அவரிடம் 2018இல் ஜோர்டன் மைலாட்டா என்ற ஆஸ்திரேலியர் வந்தார். ரக்பி லீக் ஆடியவர், அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஏழாவது சுற்றில் தேர்வானார். சில ஆண்டுகளில் இடப்பக்க டேக்கிளாக நிலைத்து, என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற அணியிலும் ஆடிவிட்டார். ஒன்றுமே தெரியாதவரை அந்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால், அந்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எதை எதற்கு முன்னால் சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும். நட்சத்திர வீரருக்கு அந்தப் பிரித்தல் தேவைப்பட்டிருக்காது, அவர் உடம்பே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். ஊர் ஊராகப் போய், அணியிலிருந்து எப்போது நீக்குவார்களோ என்று ஆடியவனுக்கு அது தேவைப்பட்டது. அவன் உடம்பு மட்டும் போதாததால் அவன் கற்றுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நாடோடி லைன்மேன்களில் நல்ல கோச்சுகள் வருவதற்கு அதுதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

டக் மெரோன் இதற்கு நல்ல உதாரணம். 1986இல் ஆறாவது சுற்றில் தேர்வாகி, மயாமியிலும் நியூ ஆர்லியன்ஸிலும் கொஞ்ச காலம் இருந்து, பிறகு லண்டன் மோனார்க்ஸ் அணிக்கு ஆடியவர். 1992இல் நியூயார்க் மாநிலத்தில் கோர்ட்லண்ட் என்ற சிறு கல்லூரியில் கோச்சாகத் தொடங்கினார். கடலோரக் காவல்படை அகாடமி, நார்த்ஈஸ்டர்ன், ஜார்ஜியா டெக் என்று படிப்படியாகப் போய், 2009இல் தான் படித்த சிராக்யூஸ் பல்கலைக்கழகத்துக்கே தலைமைக் கோச் ஆனார். 2013இல் பஃபலோ பில்ஸ். பிறகு ஜாக்சன்வில். என்எஃப்எல்லில் வீரராக இரண்டு அணிகளில் சில ஆட்டங்கள் மட்டுமே ஆடியவரின் வாழ்க்கை இது. லைன்மேன் நண்பர்கள் யாராவது மனம் தளர்ந்து பேசினால் நான் இவர் பெயரைத்தான் சொல்வேன்.

ஊர் மாறுவதில் வேறொரு லாபமும் உண்டு. என்எஃப்எல்லில் ஆட்ட நாளன்று 48 பேர் களமிறங்கத் தயாராக இருக்கலாம், ஆனால் அதில் எட்டு பேராவது ஆஃபென்ஸிவ் லைன்மேன்களாக இருக்க வேண்டும். ஐந்து பேர் தொடக்கத்தில் ஆடுவார்கள். ஆக, மீதி மூன்று பேர்தான் ஐந்து இடங்களுக்கும் மாற்று. அதனால் மாற்று வீரன் என்றால் சென்டரும் தெரிய வேண்டும், இரண்டு பக்கக் கார்டும் தெரிய வேண்டும். கீழ்மட்டத்திலும் இதே கதைதான். நான் வலது கார்டாகச் சேர்ந்து, சென்டருக்குக் காயம் பட்டதால் சென்டராகி, அடுத்த ஊரில் டேக்கிளாக நின்றேன். ஐந்து இடத்திலிருந்தும் எதிரணி எப்படித் தெரிகிறது என்று உடம்பால் அறிந்தவன், சொல்லிக்கொடுக்கும்போது பக்கத்தில் இருப்பவனுக்கு என்ன தேவை என்பதையும் சேர்த்துச் சொல்வான். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் நான் சொல்வது: உனக்கு முன்னால் ஒருவன் இருக்கிறானே என்று பார்க்காதே, இன்னொரு இடத்தையும் கற்றுக்கொள். ஸ்நாப் கொடுக்கத் தெரிந்தவனுக்கு எந்த அணியிலும் வேலை உண்டு.

இனி, சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வருகிறேன்.

வலது டேக்கிள் எறியும் ஆட்டத்தில் பின்வாங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு பெரிய ஆள் பின்னால் நகர்கிறார், அவ்வளவுதான். உள்ளே நடப்பது வேறு. வெளிக்கால் முதலில் பின்னால் உதைத்துப் போகும், உள்கால் அதைத் தொடரும், ஆனால் இரண்டு பாதமும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டுவிட்டால் அந்த நொடியில் அவன் ஒற்றைக் கம்பம், தொட்டால் விழுவான். முதுகு நேராக, இடுப்பு தாழ்ந்து, தலை பின்னால். எதிராளியின் முழு உடம்பையும் மறைக்கத் தேவையில்லை, உள்பக்கப் பாதியை மறைத்து நின்றால் அவன் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். கை கடைசியில்தான் போக வேண்டும், எதிராளி கைக்கு எட்டும் தூரம் வந்த பிறகு. எட்டுவதற்கு முன்னே கை போனால் எடையும் கையோடு முன்னால் போய்விடும்.

இத்தனையையும் ஒரே மூச்சில் ஒரு பதினைந்து வயதுப் பையனிடம் சொன்னால் அவனால் நிற்கக்கூட முடியாது. நான் தரையிலிருந்து மேலே போகிறேன். முதல் வாரம் காலைப் பற்றி மட்டும் பேச்சு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பயிற்சியே. எதிரே நிற்பவன் பக்கவாட்டில் நகர நகர, இவன் கண்ணாடி மாதிரி கூடவே நகர வேண்டும். கால் சரியான பிறகு கண். கண் சரியான பிறகு கை. கைதான் எல்லாப் பையன்களுக்கும் பிடித்த பகுதி, அதனால் அதைக் கடைசியில் வைப்பது அவர்களை இழுத்துக்கொண்டும் போகும்.

ஒரு முறை செய்து முடித்தவனிடம் ஒரு திருத்தம் மட்டும். மூன்று தப்பு கண்ணில் பட்டாலும் ஒன்றுதான். எதைத் தேர்ந்தெடுப்பது? எது முதலில் நடந்ததோ அதை. கை கீழே போனதற்குக் காரணம் கால் தாமதமாக இருக்கும், கால் தாமதத்துக்குக் காரணம் எதிராளியைப் பார்க்காமல் பந்தைப் பார்த்ததாக இருக்கும். வேரைச் சொன்னால் மற்ற இரண்டும் தானாகச் சரியாகும். திருத்தத்தை எப்போதும் செய்ய வேண்டியதாகச் சொல்லுங்கள். "உள்பக்கம் விட்டுவிடாதே" என்றால் பையன் மனதில் உள்பக்கம் விட்டுவிடும் படம்தான் வரும். "உள்காலை ஊன்றி வை, உள்கையை அவன் நெஞ்சில் வை" என்றால் செய்வதற்கு அவனுக்கு ஒன்று கிடைக்கிறது. ஒருமுறை ஆடி முடிந்ததும் அடுத்த ஸ்நாப்புக்குக் கடிகாரம் 40 விநாடி ஓடுகிறது. அதற்குள் பக்கக்கோட்டிலிருந்து காது கேட்கும்படி சொல்ல முடிவது நாலைந்து சொல்தான். பயிற்சியில் நீளமாகப் பேசிப் பழகியவருக்கு ஆட்டத்தில் சுருக்கமாகப் பேச வராது.

இரண்டு பேர் சேர்ந்து ஒருவனைத் தள்ளும் கூட்டுத் தடுப்புக்கு லைன் கோச்சுகளிடம் பழைய சொல் ஒன்று உண்டு: நாலு கை கீழே இருப்பவன் மேல், நாலு கண் பின்னால் நிற்பவன் மேல். கார்டும் சென்டரும் இடுப்போடு இடுப்பு ஒட்டி முன்னால் இருக்கும் ஆளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், ஆனால் இருவரின் பார்வையும் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் மேலேயே இருக்க வேண்டும். அவன் எந்தப் பக்கம் வருகிறானோ அந்தப் பக்கத்துக்காரன் பிரிந்து அவனை எடுப்பான். யார் பிரிவது என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பார்த்து ஒரே முடிவுக்கு வர வேண்டும். அதனால் அருகருகே ஆடப்போகிறவர்களைப் பயிற்சி முழுவதும் சேர்த்தே வைக்கிறேன். உணவு வரிசையிலும் சேர்ந்தே நிற்கச் சொல்வேன்.

உடம்பு வேறுபாட்டை மதிப்பதையும் கற்க வேண்டும். என்னுடைய கை நீளம், அதனால் பொறுத்திருந்து தடுப்பது எனக்கு ஒத்துவந்தது. குட்டையான கை உள்ள கார்டிடம் அதையே சொன்னால் அவன் தினமும் தோற்பான். அவன் வேகமாக முன்னால் போய், எதிராளி தயாராகும் முன்பே நெஞ்சோடு நெஞ்சு சேர்ந்துவிட வேண்டும். தான் ஆடியபடியே எல்லாரையும் ஆட வைக்கப் பார்க்கும் முன்னாள் வீரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் சிக்கும் நல்ல பையன்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஒரு பையனின் மூன்று ஆண்டுப் பள்ளி ஆட்டம் என்பது அவனுக்குக் கிடைக்கும் முழு ஆட்டமாகக்கூட இருக்கலாம். அதை இன்னொருவரின் நினைவுக்காகச் செலவழிக்கக் கூடாது.

வீடியோவைப் பொறுத்தவரை, லைனுக்குப் பக்கவாட்டுக் காட்சி அதிகம் உதவாது. கோல் முனையிலிருந்து, உயரமான கம்பத்தில் வைத்து எடுத்த காட்சிதான் வேண்டும். பாதமும் தோளும் அதில்தான் தெரியும். ஹடில் மாதிரி செயலிகள் வந்த பிறகு பையன்கள் வீட்டிலேயே பார்த்துவிடுகிறார்கள். நான் சனிக்கிழமை காலைக்குள் ஒவ்வொரு ஸ்நாப்புக்கும் ஒவ்வொருவனுக்கும் கூட்டல் அல்லது கழித்தல் போட்டு வைப்பேன். திங்கட்கிழமை அவர்களே அவர்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டு வர வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களைப் பற்றி மட்டும் பேசுவோம். லைனில் நிற்பவர்களுக்கு வேறு எந்தக் கணக்கும் இல்லை என்பதால், இந்தக் கூட்டல் கழித்தலை அவர்கள் மிகவும் மதிக்கிறார்கள்.

வேலை கிடைப்பது எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து திரும்பியபின் ஒரு கல்லூரியில் பட்டமேற்படிப்பு உதவியாளராக இருந்தேன். படிப்புச் செலவைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும், கையில் சொற்பம். வீடியோவை வெட்டுவது, எதிரணியின் அமைப்புகளை அட்டையில் வரைவது, விமான நிலையத்திலிருந்து ஆள் கூட்டி வருவது எல்லாம் அந்த வேலையில் சேரும். கல்லூரி வழியில் மேலே போக விரும்புபவர்கள் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மூட்டை கட்டத் தயாராக இருக்க வேண்டும். தலைமைக் கோச்சை நீக்கினால் அவரோடு சேர்ந்து எல்லாரும் வெளியே. அந்த வாழ்க்கையை வீரனாக ஒருமுறை வாழ்ந்தாயிற்று, குடும்பத்தோடு இன்னொரு முறை வேண்டாம் என்று பள்ளிப் பக்கம் வந்தேன்.

டெக்சாஸ் பள்ளிகளில் கோச் என்றால் மாவட்டப் பள்ளி நிர்வாகத்தின் முழுநேர ஊழியராக இருக்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலோர் ஆசிரியர்கள். எனவே ஆசிரியர் சான்றிதழ் இல்லாமல் உங்கள் ஆட்ட அனுபவத்துக்கு அங்கே மதிப்பில்லை. கல்வியியல் படிக்காதவர்களுக்கு மாற்றுச் சான்றிதழ் வழி உண்டு, வேலை பார்த்துக்கொண்டே முடிக்கலாம். எந்தப் பாடம் என்பது முக்கியம். சமூக அறிவியலும் உடற்கல்வியும் சொல்லிக்கொடுக்கும் கோச்சுகள் ஏராளம், இடம் குறைவு. கணக்கு, அறிவியல், சிறப்புக் கல்வி என்றால் பள்ளி முதல்வரே உங்களுக்காகப் பேசுவார். என்னைப் பணியில் எடுத்தபோது முதலில் கேட்டது அல்ஜீப்ரா எடுப்பீர்களா என்பதுதான். இன்னொன்று, பேருந்து ஓட்டும் உரிமம். பல பள்ளிகளில் அணியைக் கூட்டிப்போகும் பேருந்தைக் கோச்சேதான் ஓட்ட வேண்டும். அந்த உரிமத்தை முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பவரின் விண்ணப்பம் மேலே வந்துவிடும்.

ஆகஸ்ட் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2001 ஜூலை 31ஆம் தேதி மின்னசோட்டா வைகிங்ஸ் அணியின் டேக்கிள் கோரி ஸ்ட்ரிங்கர் பயிற்சி முகாமில் வெப்பத்தாக்கில் விழுந்து, மறுநாள் ஆகஸ்ட் 1ஆம் தேதி இறந்தார். வயது 27. பிறகு அவர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஒரு நிறுவனம் தொடங்கி, வெப்பத்தாக்கைப் பற்றி ஆராய்ந்து, பயிற்சியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மைதானத்தில் அதிகம் ஆபத்துக்குள்ளாவது லைன்மேன்தான். பெரிய உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழக்காது. ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்பு ஐஸ் தண்ணீர் நிரம்பிய தொட்டி தயாராக இருக்கிறதா என்று நானே போய்ப் பார்க்கிறேன். பையன் தடுமாறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு அவனைத் தொட்டியில் இறக்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. வண்டி வரட்டும் என்று நிழலில் படுக்க வைத்துக் காத்திருக்கக் கூடாது. தண்ணீர் கேட்பவனைக் கோழை என்று சொல்லும் கோச்சிடம் உங்கள் பிள்ளையை விடாதீர்கள்.

தலைக்காயமும் அப்படித்தான். லைனில் ஒவ்வொரு ஸ்நாப்பிலும் மோதல் உண்டு. பெரியது அபூர்வம், சின்னது கணக்கில்லாதது. டெக்சாஸில் சீசன் நேரத்தில் ஒரு மாணவனுக்கு வாரத்துக்கு 90 நிமிடம்தான் முழு மோதல் பயிற்சி கொடுக்கலாம். நாங்கள் அந்த வரம்பைத் தொடுவதே இல்லை. 2022இலிருந்து என்எஃப்எல் பயிற்சி முகாம்களில் லைன்மேன்கள் ஹெல்மெட்டுக்கு மேல் மெத்தை வைத்த உறை போட வேண்டும் என்று ஆக்கினார்கள். எங்கள் பையன்களுக்கும் வாங்கியிருக்கிறோம். ஆனால் உறையைவிடப் பெரிய பாதுகாப்பு, தலையை மோதலிலிருந்து விலக்கிக் கையால் வேலை செய்யப் பழக்குவதுதான்.

ஆடி முடித்தவர்கள் தங்கள் உடம்பையும் கவனிக்க வேண்டும். 130 கிலோவைத் தக்கவைக்க ஒரு நாளைக்கு ஐந்தாறு வேளை சாப்பிட்ட பழக்கம் ஆட்டம் நின்ற அன்று நின்றுவிடாது. அம்மா இன்றைக்கும் என் தட்டில் பழைய அளவுக்குத்தான் சோறு வைப்பார். கிளீவ்லண்டின் டேக்கிள் ஜோ தாமஸ் 10,363 ஸ்நாப்புகள் தொடர்ந்து களத்தில் நின்றவர், ஓய்வுக்குப் பின் ஆளே அடையாளம் தெரியாத அளவு மெலிந்தார். பார்த்து எனக்கும் ஒரு தெம்பு வந்தது. நீச்சலும், முட்டியை நோகடிக்காத சைக்கிளும்தான் எனக்குக் கைகொடுத்தன. எடை குறைந்ததும் முதலில் சீரானது தூக்கம். பெரிய கழுத்துள்ள லைன்மேன்கள் பலருக்கு உறக்கத்தில் மூச்சுத் திணறல் இருக்கிறது, தெரியாமலே இருக்கிறார்கள். ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஆடிக்கொண்டிருக்கும், இன்னும் ஒன்றிரண்டு சீசன்தான் என்று தெரிந்த லைன்மேன்களுக்குச் சில விஷயங்கள். பட்டம் பாக்கி இருந்தால் முடியுங்கள். நோட்டு போடுங்கள்: ஆடிய ஒவ்வொரு அணியிலும் ஒரே ஆட்டத்தை எப்படி அழைத்தார்கள், எதற்காக அப்படிச் செய்தார்கள் என்று. உங்கள் நல்ல ஆட்டங்களை மட்டும் வெட்டி வைக்காதீர்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்த ஒருவன் ஆகஸ்டில் எப்படி இருந்தான், நவம்பரில் எப்படி ஆனான் என்ற வீடியோவைச் சேர்த்து வையுங்கள். நேர்காணலில் அதைப் போட்டுக் காட்டினால் வேறு பேச்சே வேண்டாம். ஜூலையில் டெக்சாஸ் உயர்நிலைப் பள்ளிக் கோச்சுகள் சங்கம் நடத்தும் பயிலரங்கத்துக்கு மாநிலத்தின் பள்ளிக் கோச்சுகள் ஆயிரக்கணக்கில் வருவார்கள். டெக்சாஸின் ஃப்ரிஸ்கோ ஊரில் கோடைதோறும் என்எஃப்எல் லைன்மேன்களே கூடி ஒருவருக்கொருவர் நுட்பம் பகிரும் கூட்டமும் நடக்கிறது, அங்கே பேசியவை இணையத்தில் கிடைக்கின்றன. பயிலரங்கத்தில் பெரிய மேடைப் பேச்சு முடிந்ததும் லைன் கோச்சுகள் தாழ்வாரத்தில் நாற்காலியைப் போட்டு, உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் கார்டாகவும் டேக்கிளாகவும் நகர்த்திப் பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கே போய் உட்காருங்கள். உங்கள் பெயரைச் சொல்லி, ஒரு கேள்வியோடு போங்கள். லைன் கோச்சுகள் எதையும் ஒளித்து வைப்பதில்லை, கேட்டால் நள்ளிரவு வரை சொல்வார்கள்.